பத்தாம் நம்பர் வளைவில் பஸ் நிற்பதில்லை

1

என் தங்கை விஜயா ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பேசுவாள். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். போனில் அவள் பெயரைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு எடுத்தேன். வெளியூரில் குடியேறியவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

"அக்கா, ஒண்ணுமில்ல, பயந்துராதீங்க," என்றாள் எடுத்த எடுப்பில். "ஒங்க வேல பஸ் டைம் சம்மந்தமானதுதான? ஒரு வெசயம் கேக்கணும்."

நான் நோர்வேக்கு வந்து பத்தொன்பது வருசம் ஆகிறது. என் வேலையைப் பற்றி ஊரிலிருந்து யாரும் எதுவும் கேட்டதில்லை. "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி வைத்திருந்தேன், அது போதுமாக இருந்தது.

எங்கள் தோட்டம் வட்டகொடைக்கும் பூண்டுலோயாவுக்கும் நடுவில் இருக்கிறது. விஜயா அங்கே பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறாள். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் விட்டுப்போகிற குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. அவள் புருசன் முத்தையா பேக்டரியில் இருந்தவர். சீனி வருத்தம் வந்து, வலது காலில் ஒரு புண் ஆறாமல் நின்றுவிட்டதால் வேலையை விட்டுவிட்டார். இரண்டு வாரத்துக்கு ஒருதடவை நுவரெலியாவுக்கு கிளினிக் போக வேண்டும். பூண்டுலோயா பக்கமிருந்து வருகிற பஸ்ஸைப் பிடித்து, தலவாக்கலையில் மாறி, லிந்துலை வழியாகப் போகிற பயணம்.

அந்த முதல் பஸ், பெரிய ரோட்டிலிருந்து பிரிந்து மூன்று கிலோமீட்டர் எங்கள் தோட்டத்துக்குள் ஓடி, திரும்பவும் பெரிய ரோட்டில் சேரும். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அப்படித்தான். பத்தாம் நம்பர் மலை என்று நாங்கள் சொல்கிற தேயிலைக்காட்டுக்குக் கீழே இருக்கிற வளைவில் கை காட்டினால் நிற்கும். பலகை கிடையாது, கூரை கிடையாது.

"இப்ப நிக்கிறதில்லக்கா," என்றாள் விஜயா. "புது டிக்கெட் மெசின் குடுத்திருக்காங்க. அதுல எடத்துப் பேரெல்லாம் லிஸ்டா வருதாம். நம்ம பத்தாம் நம்பர் அதுல இல்லயாம். பேரில்லாட்டி டிக்கெட் அடிக்க ஏலாதாம். டிக்கெட் இல்லாம ஆள ஏத்துனா செக்கர் புடிச்சிருவாராம். கண்டக்டர் நல்ல மனுசன்தான், என்னா செய்யச் சொல்றீங்கன்னு கேக்குறாரு. பஸ்ஸு நம்ம கண்ணு முன்னாலதான் போவுது."

"முத்தையா எப்படிப் போறாரு?"

"கீழ சந்திக்கு நடந்துதான். அந்தக் கால வச்சுக்கிட்டு ரெண்டு கிலோமீட்டரு. போன தடவ போகல. அதுக்கு முந்தின தடவயும் போகல. புண்ணு பெருசாயிருச்சு. ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு."

அந்தப் பக்கத்தில் குழந்தைகளின் சத்தம் கேட்டது. யாரோ அழுதார்கள். "சரிக்கா, வச்சிர்றேன்," என்று வைத்துவிட்டாள். என் தட்டில் சோறு ஆறிப்போயிருந்தது.

2

என் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதெல்லாம் விளங்காது.

எங்கள் மாவட்டத்தில் பஸ் ஓட்டுகிற கம்பெனிகள் பல. அவற்றோடு கடலைக் கடக்கிற படகுச் சேவைகளும் உண்டு. ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விதமான கணினி. ஒருவருடைய நேரசூசி மற்றவருடைய கணினிக்குப் புரியாது. ஆகவே எல்லோரும் ஒரே விதமான கோப்பாக எழுதி எங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று விதி. நாங்கள் அதைச் சரிபார்த்து, ஒன்றாகச் சேர்த்து, நாட்டின் பொதுச் சேகரிப்புக்கு அனுப்புகிறோம். அங்கிருந்து அது போன்களுக்கும், நிறுத்தங்களில் உள்ள திரைகளுக்கும், டிரைவருக்கு முன்னால் இருக்கிற மெசினுக்கும் போகிறது.

இதில் எல்லாவற்றுக்கும் அடி, நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு நம்பர் இருக்கிறது. பெயர் மனுசருக்கு, நம்பர் மெசினுக்கு. கோப்பில் நம்பர் இல்லாத நிறுத்தம் வந்தால், என் திரையில் மஞ்சள் நிறத்தில் ஒரு வரி காட்டும். அதை நான் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பலாம், அல்லது அந்த வரியை நீக்கிவிடலாம். வேலை குவிந்து கிடக்கிற நாட்களில் நீக்கிவிடுவேன்.

ஆகவே விஜயா சொன்னதும் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் யாரோ ஒருவர் பட்டியல் தயாரித்திருக்கிறார். அரசாங்க ரோடுகளில் உள்ள நிறுத்தங்களை எடுத்திருக்கிறார். தோட்டத்து ரோடு அந்த வரைபடத்தில் இல்லை. அந்தப் பட்டியல் டிக்கெட் மெசின் கம்பெனிக்குப் போய், அங்கிருந்து போனில் நேரம் பார்க்கிற செயலிக்கும் போயிருக்கிறது. யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. நான் செய்கிற வேலையைத்தான் அங்கேயும் ஒருவர் செய்திருக்கிறார்.

அன்று மாலை வரைக்கும் எனக்கு வேலை ஓடவில்லை. முந்தின குளிர்காலத்தில் நான் நீக்கிய ஒரு நிறுத்தம் நினைவுக்கு வந்தது. கடலோரத்து வளைவு ஒன்றில் ஒரே ஒரு வீடு. அங்கிருந்த வயதான மனிதர் கையால் கடிதம் எழுதியிருந்தார், தன் நிறுத்தம் எங்கே போயிற்று என்று. வழக்கமான பதிலை அனுப்பியிருந்தேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி. பயன்பாட்டின் அடிப்படையில் மறுபரிசீலனை செய்யப்பட்டது.' நோர்வே மொழியில் நான் பிழையில்லாமல் எழுதக் கற்றுக்கொண்ட முதல் வாக்கியங்களில் அது ஒன்று.

கடிதத்தைத் தேடி எடுத்து அதிலிருந்த நம்பருக்குப் பேசினேன். அவருடைய மகள் எடுத்தாள். அப்பா இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார், வீட்டை விற்றுவிட்டோம் என்றாள். "இனி நிறுத்தம் தேவைப்படாது. அழைத்ததற்கு நன்றி," என்றாள் மரியாதையாக. அந்த மரியாதையைக் கேட்டுக்கொண்டு நிற்பது கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து என் கணவர் யோகநாதனிடம் சொன்னேன். அவர் லிந்துலைக்காரர், இங்கே பஸ் டிரைவர். நான் அனுப்புகிற நேரத்தைத்தான் அவர் ஓட்டுகிறார்.

"நீ போய்ட்டு வா," என்றார். "போன்ல சொல்லி முடியிற காரியமில்ல இது. ஆபீசுக்கு ஆளு போய் நிக்கணும். நம்ம ஊர்ல காகிதத்த விட மொகத்துக்குத்தான் மதிப்பு."

3

பெப்ரவரியில் இரண்டு வார லீவு எடுத்தேன். மகள் மீராவும் வந்தாள். பதினேழு வயது. அவள் வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்துக் கட்டுரை ஒன்றுக்குப் படம் எடுக்க வேண்டுமாம்.

மீராவின் தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி நடத்துகிறவர்கள் யாழ்ப்பாணத்தவர்கள். நல்லவர்கள். ஆனால் முதல் வருசத்தில் என் பேச்சைக் கேட்டு, "நீங்கள் இந்தியாவோ?" என்று கேட்காதவர் இல்லை. மலையகம் என்று சொன்னால், "ஓ, தேயிலைப் பக்கம்," என்பார்கள். அதற்குப் பிறகு பேச்சு நின்றுவிடும். நான் வேலைக்கும் மொழி வகுப்புக்கும் ஓடிக்கொண்டிருந்த வருசங்களில் மீரா தமிழைப் படித்தது அவர்களிடம்.

தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் விஜயாவைப் பார்த்ததும், மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னாள். "சித்தி, எப்பிடி இருக்கிறீங்கள்? சித்தப்பா சுகமா இருக்கிறாரோ?"

விஜயா வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். "என்னாக்கா, புள்ள யாழ்ப்பாணத்துக்காரி மாதிரில பேசுது."

எல்லோரும் சிரித்தோம். மீராவும் சிரித்தாள், எதற்கென்று தெரியாமல். பிறகு என்னிடம் நோர்வே மொழியில் கேட்டாள், தான் தப்பாகப் பேசிவிட்டோமா என்று. தப்பில்லை என்றேன். மகள் என் ஊருக்கு வந்து வேறொரு ஊரின் பேச்சைப் பேசுகிறாள் என்பதை அவளுக்கு எந்த மொழியில் விளக்குவது?

எனக்கும் இப்படி நடந்திருக்கிறது. நோர்வேயில் மீன் தொழிற்சாலையில் முதல் நாள் வேலைக்கு 'ஹால்வ் நீ' மணிக்கு வரச் சொன்னார்கள். அரை ஒன்பது. நாம் எட்டரை, ஒன்பதரை என்று சொல்கிற பழக்கத்தில் ஒன்பதரை என்று எடுத்துக்கொண்டு ஒன்பதரைக்குப் போய் நின்றேன். அவர்களுக்கு அது எட்டரை. ஒன்பதாவது மணியில் பாதி. மேற்பார்வை செய்த அம்மா சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, கையுறையைக் கொடுத்தாள். இன்றைக்கும் நேரசூசியில் இரண்டு தடவை பார்க்காமல் ஒரு நேரத்தையும் அனுமதிக்க மாட்டேன். எந்த நாள் என்று பார்ப்பதில் அத்தனை கவனம் எனக்கு இருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கு வருகிறேன்.

முத்தையா கட்டிலில் காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கப் பார்த்தார், வேண்டாம் என்றேன். அறைக்குள் மருந்து வாசனை.

"இதுக்குப் போயி அவ்வளவு தூரத்திலிருந்து வந்தீங்களா மதினி," என்றார்.

"சும்மா பாக்கத்தான் வந்தேன் தம்பி."

மறுநாள் காலையில் வளைவுக்குப் போய் நின்றேன். குடையும் பையுமாக ஏழெட்டுப் பேர் கீழ்ச் சந்திக்கு நடந்துகொண்டிருந்தார்கள். தலவாக்கலைக் கடைகளில் வேலை செய்கிற பெண்கள், கைக்குழந்தையோடு ஒருத்தி. பஸ் பின்னால் வந்தது. அவர்களைப் பார்த்து ஹாரன் அடித்துக்கொண்டு, ஓரம் ஒதுங்கச் சொல்லி, கடந்து போனது. கண்டக்டர் மிதிபலகையில் நின்றவாறு தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். கைக்குழந்தைக்காரி முந்தானையால் பிள்ளையின் முகத்தை மூடினாள், தூசிக்கு.

4

பட்டியலைப் பராமரிக்கிற அலுவலகம் டவுனில், மாடியில் இருந்தது. எந்த டவுன் என்பதை விட்டுவிடுகிறேன். விஜயாவும் மீராவும் கூட வந்தார்கள். எங்களைக் கவனித்தவர் ரேணுகா என்ற பெண் அதிகாரி. நாற்பது வயதிருக்கும். சிங்களத்தில்தான் பேசினோம். என் சிங்களம் துருப்பிடித்துப் போயிருந்தது. நடுவில் இரண்டு தடவை நோர்வே மொழி வாயில் வந்துவிட்டது. 'ஆமாம்' என்பதற்கு 'யா' என்று இழுத்ததைக் கேட்டு அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

என்ன வேலை செய்கிறேன் என்று சொன்னேன். அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பி உட்கார்ந்தார்.

"அப்படியென்றால் மிஸ்ஸுக்கு என் பிரச்சினை தெரியும்," என்றார். "எனக்குப் பட்டியல் தந்தார்கள். மூன்று மாதத்தில் முடிக்கச் சொன்னார்கள். அரசாங்க பஸ்ஸுக்கு ஒரு கணினி, தனியார் பஸ்காரர்களுக்கு ஒரு கணினி, டிக்கெட் மெசின்காரர்கள் கொழும்பில். மூவரும் ஒரே நிறுத்தத்துக்கு மூன்று பெயர் வைத்திருக்கிறார்கள். சிங்களத்தில் ஒன்று, இங்கிலீசில் தோட்டத்துப் பழைய பெயர், தமிழில் வேறு. மூன்றும் ஒன்றுதான் என்று மெசினுக்கு எப்படித் தெரியும்? நான் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தேன். தனியாக."

அவர் மேசையைப் பார்த்தேன். என் மேசை மாதிரியேதான் இருந்தது, கொஞ்சம் பழையது.

"பத்தாம் நம்பர் வளைவைச் சேர்க்க வேண்டும்," என்றேன்.

படிவத்தை எடுத்து வைத்தார். நிறுத்தத்தின் பெயர், மூன்று மொழியில். ரோட்டின் இலக்கம். நிலத்துக்குப் பொறுப்பானவரின் கையெழுத்து. "ரோட்டுக்கு இலக்கம் கிடையாது, மிஸ். தோட்டத்துக்குச் சொந்தமான ரோடு. தோட்டத்தை நடத்துகிற துரையிடம் ஒரு கடிதம் வாங்கி வாருங்கள். நான் சேர்த்துவிடுகிறேன். எனக்கு ஆட்சேபனை இல்லை."

"டிக்கெட் மெசின்காரர்கள் நேரடியாகச் சேர்க்க முடியாதா?"

"அவர்களிடம் கேட்டால் என்னைக் கேட்பார்கள், நம்பர் கொடு என்று. நம்பர் கொடுக்க எனக்கு இந்தக் கையெழுத்து வேண்டும்."

கொழும்புக்கும் பேசிப் பார்த்தேன். ரேணுகா சொன்னதை அப்படியே சொன்னார்கள். 

5

தோட்டத்து ஆபீசில் துரையைப் பார்க்க விடவில்லை. பெரிய கிளாக்கர் வாசலுக்கு வந்து பேசினார். தமிழர். என் அப்பாவைத் தெரிந்தவர். நாற்காலி போடச் சொன்னார், தேத்தண்ணி வந்தது, கடிதம் மட்டும் வரவில்லை.

"அம்மா, ஒங்களுக்குத் தெரியாததில்ல," என்றார் குரலைத் தாழ்த்தி. "பஸ்ஸு உள்ளுக்கு வர்றது வாய்ப்பேச்சு அனுமதியில. அத ஸ்டாண்டுன்னு எழுத்துல குடுத்தா, ரோடு பொதுரோடுன்னு ஆயிரும். நாளைக்கு ரோடு ஒடைஞ்சா யாரு போடுறது, ஆளு விழுந்தா யாரு பொறுப்புன்னு கேள்வி வரும். தொர கையெழுத்து வைக்க மாட்டாரு. வேற தொர வந்தாலும் வைக்க மாட்டாரு."

"ஆளுக அந்த ரோட்டுலதான நடக்குறாங்க?"

"நடக்குறதுக்கு யாரும் கையெழுத்து கேக்கலயேம்மா."

அவர் சொன்னதில் கெடுதல் இல்லை. உள்ளதைச் சொன்னார். நானும் விஜயாவும் மீராவும் பிள்ளைக்காம்பராப் பக்கமாகத் திரும்பி நடந்தோம். எனக்கு அலுத்துப்போய்விட்டது. பயண அலுப்பில்லை. இந்த மாதிரிப் பேச்சை இரண்டு நாட்டிலும் கேட்டுக் கேட்டு வருகிற அலுப்பு. நோர்வேயில் கதவு சத்தமில்லாமல் மூடும், இங்கே தேத்தண்ணி கொடுத்து மூடுகிறார்கள்.

மீராதான் நின்றாள். "அம்மா, அது ஆற்றை?" என்று கேட்டாள். யாருடையது என்று யாழ்ப்பாணத் தமிழில் கேட்கிறாள். கையைக் காட்டின இடத்தில் பள்ளிக்கூடம் இருந்தது. நானும் விஜயாவும் படித்த பள்ளிக்கூடம்.

"கவர்மெண்டு ஸ்கூலு," என்றாள் விஜயா. "நெலமும் இப்ப கவர்மெண்டுதான். தோட்டம் எழுதிக் குடுத்து ரொம்ப வருசமாச்சே."

பள்ளிக்கூடத்து கேட் வளைவிலிருந்து முந்நூறு அடிக்குள் இருக்கிறது. ரோட்டு ஓரத்தில் பள்ளிக்கூடத்துக்கென்று ஒரு துண்டு நிலமும் உண்டு. அங்கே பஸ் நின்றால் தோட்டத்தின் கையெழுத்து தேவையில்லை. மீராவுக்கு இது எதுவும் தெரியாது. படம் எடுக்கத்தான் கேட்டிருக்கிறாள்.

அதிபர் அம்மா எங்களை உட்கார வைத்து, முழுக்கதையையும் கேட்டு, பத்து நிமிசத்தில் கடிதத்தை எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் வைத்துவிட்டார். "இந்த ஸ்கூலுக்கு டீச்சர்மார் நெலைக்க மாட்டேங்குறதுக்கு பஸ்ஸும் ஒரு காரணம்," என்றார். "இது எங்களுக்கே வேணும்."

அடுத்த நாள் ரேணுகாவின் மேசையில் கடிதத்தை வைத்தோம். அவருக்கும் சந்தோசம். கணினியைத் திறந்து என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். நிறுத்தத்தின் பெயருக்கு வித்தியாலயத்தின் பெயரைப் போட்டார். பத்தாம் நம்பர் என்ற சொல் எங்கேயும் வரவில்லை, போகட்டும் என்று இருந்தேன். நிறுத்தத்தின் வகை என்று கேட்டது. நகரம், வைத்தியசாலை, பாடசாலை, ஏனையவை. பாடசாலை என்று தெரிவு செய்தார். நம்பர் வந்தது. அதை நான் கையில் எழுதிக்கொண்டேன், சின்னப் பிள்ளை மாதிரி.

நாங்கள் புறப்படுவதற்கு முந்தின நாள் மெசினில் பெயர் வந்துவிட்டது. காலையில் முத்தையாவும் விஜயாவும் கிளினிக்குக்குப் போகப் பள்ளிக்கூடத்து கேட்டின் அருகே நின்றார்கள். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இறங்கி முத்தையாவின் கையைப் பிடித்து ஏற்றினார். "இப்ப ஒங்களுக்கு ஸ்டாண்டு இருக்குல்ல," என்றார். விஜயா ஜன்னலிலிருந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பிளேனில் நான் நன்றாகத் தூங்கினேன்.

6

ஏப்ரலில், ஒரு வியாழக்கிழமை, விஜயா பேசினாள். 

"அக்கா, பஸ்ஸு திரும்பவும் நிக்கல. போன கிளினிக் அன்னக்கும் நிக்கல. இன்னக்கிம் நிக்கல. மெசின்ல பேரு வரலயாம்."

"எப்போதிலிருந்து?"

"ஸ்கூல் லீவு விட்டதுலருந்து."

அவள் மேலே ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாடசாலை வகை நிறுத்தத்துக்குக் கணினி தானாகவே பாடசாலை நாட்காட்டியை வைத்துக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அந்த நிறுத்தமும் இல்லை. சித்திரை லீவு முழுக்க அது பட்டியலிலிருந்து மறைந்துவிட்டது. கிளினிக்குக்கு லீவு கிடையாது.

ரேணுகா அந்த வகையைத் தெரிவு செய்தபோது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நோர்வேயில் என் வேலையில் பாதி இதுதான். பள்ளி நாட்கள் எவை, லீவு நாட்கள் எவை, எந்த பஸ்ஸுக்கு எந்த நாட்காட்டி. வாரத்துக்கு ஒருதடவையாவது இதே தப்பைக் கண்டுபிடித்து யாரோ ஒரு கம்பெனிக்குத் திருப்பி அனுப்புவேன். அன்றைக்கு எனக்கு நம்பர் கிடைத்த சந்தோசத்தில், நாட்காட்டி எது என்று பார்க்கத் தோன்றவில்லை.

"தம்பி எங்க?"

"ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்க. போன கிளினிக்குக்கு நடந்தே போறேன்னு போயிட்டாரு. புண்ணு வெடிச்சிருச்சு. கால்ல ரெண்டு வெரல எடுக்கணும்னு சொல்லியிருக்காங்க." குரல் உடையாமல் சொன்னாள். என் தங்கை அழுது நான் பார்த்தது குறைவு.

ரேணுகாவுக்குப் பேசினேன். நான் முழுவதையும் சொல்லி முடிக்கும் முன்பே அவருக்கும் விளங்கிவிட்டது. "என் தப்பு," என்றார். "நம் இருவருடையதும்," என்றேன். அன்று பிற்பகலே வகையை 'ஏனையவை' என்று மாற்றிவிட்டார். மாற்ற ஒரு நிமிசம்கூட ஆகியிருக்காது. மறுநாள் காலை பஸ் நின்றது என்று விஜயா சொன்னாள். அன்றைக்குத்தான் முத்தையாவின் விரல்களை எடுத்தார்கள்.

ஒரு வாரம் கழித்து அவரோடு பேசினேன். என்ன சொல்வது என்று தெரியாமல், நடந்ததை நடந்தபடி சொன்னேன். நான் கவனிக்காமல் விட்டதையும் சொன்னேன்.

"வெரல் போனதுக்கு பஸ்ஸு காரணமில்ல மதினி," என்றார். "சீனிதான் காரணம். டாக்டரே சொல்லிட்டாரு. நீங்க அதப் போட்டு மனசக் கொழப்பிக்காதீங்க."

டாக்டர் சொன்னது உண்மையாக இருக்கலாம். ஆனால் ஒரு புண் ரெண்டு கிலோமீட்டர் மேடுபள்ளத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் என்னை மன்னிக்கவில்லை. மன்னிக்க ஏதும் இல்லை என்று நினைக்கிறார். அது எனக்கு இன்னும் பாரமாக இருக்கிறது.

யோகநாதனிடம் சொன்னபோது அவர், "நீ போகாட்டி அந்த ஸ்டாண்டே வந்திருக்காது," என்றார். அதுவும் சரிதான். இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. காலையில் எழுந்து வேலைக்குப் போகிறேன். மஞ்சள் வரிகளை இப்போது நீக்குவதில்லை. ஒவ்வொன்றுக்கும் கம்பெனிக்கு எழுதிக் கேட்கிறேன். வேலை தேங்குகிறது என்று மேலாளர் ஒருதடவை சொன்னார். தேங்கட்டும் என்று அவரிடம் சொல்லவில்லை, நினைத்துக்கொண்டேன்.

7

இதை எழுதத் தூண்டியது போன சனிக்கிழமை ரேணுகாவிடமிருந்து வந்த செய்தி.

போனில் மொழிபெயர்த்து அனுப்பியிருந்தார். கோணல்மாணலான தமிழ். 'வணக்கம் மிஸ். நான் கண்டக்டர் மக்களைக் கேட்டேன். நிற்கும் ஆனால் இல்லை என்ற இடங்கள் மேலும் இருக்கிறது. தயவுசெய்து பாருங்கள்.' அதோடு, பஸ் நின்றாலும் பட்டியலில் இல்லாத இடங்களைக் கையால் எழுதிய நான்கு பக்கங்களின் படம். பூண்டுலோயா ரோடு, வட்டகொடை ரோடு, லிந்துலைக்கு மேலே போகிற தோட்டத்து ரோடுகள். ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி, கண்டக்டர்மாரிடம் கேட்டு, தமிழ்ப் பெயர்களைச் சிங்கள எழுத்தில் எழுதியிருந்தார். அலுவலக நேரத்தில் செய்திருக்க முடியாது. யாரும் அவரிடம் இதைக் கேட்கவும் இல்லை.

சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தேன். மீரா எதிரே மடிக்கணினியோடு இருந்தாள். சிங்கள எழுத்து அவளுக்குத் தெரியாது, நான் வாசிக்க வாசிக்கத் தமிழில் அடித்துக்கொண்டு போனாள். வரைபடத்தில் இடத்தைத் தேடிப் புள்ளி வைத்தாள். அவளாக உட்கார்ந்ததுதான், நான் கூப்பிடவில்லை.

"பழைய பேக்டரி. மாடசாமி கோயில். மேட்டு லயம். ரெட்டப் பாலம்."

"மெதுவா அம்மா."

"வண்ணான் பீலி. கங்காணி வீட்டடி."

"கங்காணி எண்டா?"

வேலையாட்களை மேய்க்கிற மேலாள் என்று சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு அடித்தாள். மூன்றாம் பக்கத்தில் ஒரு பெயரில் நான் நின்றேன். இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் எழுதியிருந்தார் ரேணுகா. 

"பொணக்காட்டு வளைவு."

"அது என்னம்மா?"

"தோட்டத்தில செத்தவங்களப் பொதைக்கிற எடம். அதுக்குப் பக்கத்தில ரோடு வளையும்."

மீராவின் கை விசைப்பலகையில் நின்றது. "போன்ல எல்லாரும் பார்ப்பினம். இதையும் போடுறதோ? வேற பேர் வைக்கலாமே, ஏதாவது நல்ல பேர்?"

"அங்க எறங்குறவங்க கண்டக்டர்கிட்ட என்னான்னு சொல்லி டிக்கெட் கேப்பாங்க?"

கொஞ்சம் யோசித்தாள். பிறகு அடிக்கத் தொடங்கினாள். 'ண'வா 'ன'வா என்று கேட்டாள். மூணு சுழி 'ண' என்றேன். அடித்து, புள்ளி வைத்து, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். தேயிலைப் பச்சைக்கு நடுவில், பெயரில்லாத ஒரு மெல்லிய கோட்டின் மேல், அந்தச் சொல் இருந்தது.

"சரி," என்றேன். "அடுத்தது."